அடுத்த எண் தெரிகிறது, ஐம்பதாவது எண் தெரியவில்லை

“பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் 5, 8, 11, 14 என்று கொடுத்து அடுத்த எண்ணைக் கேட்டால், கண்மூடித் திறப்பதற்குள் 17 என்கிறாள். ஐம்பதாவது எண் என்ன, பொது உறுப்பு என்ன என்று கேட்டால் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். எதை எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. 2, 6, 12, 20 போன்ற வரிசை வந்துவிட்டால் அந்தச் சூத்திரங்களும் கைகொடுப்பதில்லை. விதியைக் கண்டுபிடிக்க முறை ஏதும் இருக்கிறதா, அல்லது பொறி தட்டினால்தான் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறை இருக்கிறது. பள்ளியில் வரும் வரிசைகளில் பத்துக்கு ஒன்பதை இரண்டு மூன்று பழக்கங்களாலேயே அவிழ்த்துவிடலாம். ஆனால் முதலில் உங்கள் மகள் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துவிடுவோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சூத்திரம் மறந்து தவறு செய்யும் பிள்ளைகள் குறைவு. வரிசையைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள்தான் அதிகம். 5-லிருந்து 8, 8-லிருந்து 11 என்று இடமிருந்து வலமாகக் கண் தாவுகிறது. அடுத்த எண்ணைச் சொல்ல அந்தத் தாவல் போதும். ஐம்பதாவது எண்ணுக்கு நாற்பத்தொன்பது முறை தாவ வேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. இங்கே கேட்கப்படுவது வேறு கேள்வி: “50 என்ற இடத்தில் என்ன எண் உட்கார்ந்திருக்கிறது?” அதாவது, இடத்துக்கும் எண்ணுக்கும் என்ன உறவு? இதற்கு மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் பழக்கம், எந்த வரிசையைக் கண்டாலும் அதன் தலைமேல் இட எண்களை எழுதிவிடுவது.

1   2   3   4   5
5   8   11   14   17

பார்க்க அற்பமாக இருக்கும். என் மாணவர்கள் பலர் “இது எதற்கு சார், நேரம் வீண்” என்று முகம் சுளித்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு விதி கிடைத்தது, முகம் சுளித்தவர்கள் ‘ந + 3’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். (பாடநூலில் இட எண்ணுக்கு ஆங்கில எழுத்து ஒன்று நிற்கும், இங்கே அதை ‘ந’ என்று வைத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் ந = 1, ஐம்பதாம் இடத்தில் ந = 50.)

அந்த ‘ந + 3’ என்ற தவறைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. “ஒவ்வொரு முறையும் 3 கூடுகிறது, எனவே கூட்டல் 3” என்று குழந்தை யோசித்திருக்கிறது. சோதித்துப் பாருங்கள்: ந = 1 என்றால் 4 வருகிறது, 5 வரவில்லை. ந = 2 என்றால் 5; அங்கே 8 இருக்க வேண்டும். ந + 3 என்பது 4, 5, 6, 7 என்று ஒவ்வொன்றாக ஏறும் வரிசை. மூன்று மூன்றாக ஏற வேண்டுமானால் இட எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். 3, 6, 9, 12 என்ற மூன்றாம் வாய்ப்பாட்டின் நடைதான் அது. நம்முடைய வரிசையும் அதே நடையில்தான் போகிறது, ஆனால் எல்லா இடத்திலும் இரண்டு முன்னால் நிற்கிறது: 3-க்குப் பதில் 5, 6-க்குப் பதில் 8, 9-க்குப் பதில் 11. எனவே விதி, அதாவது பாடநூல் ‘பொது உறுப்பு’ என்பது, 3ந + 2. ஐம்பதாவது உறுப்பு 152.

வரிசைக்குள் கூட்டலாகத் தெரிவது விதிக்குள் பெருக்கலாக மாறுகிறது. இது ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்த 2 எங்கிருந்து வந்தது என்பதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கட்டடத்தில் முதல் மாடிக்குக் கீழே தரைத்தளம் இருப்பதைப் போல, முதல் உறுப்புக்கு ஒரு படி கீழே இறங்கினால் பூஜ்ஜியமாவது உறுப்பு இருக்கும். 5-லிருந்து 3 குறைத்தால் 2. தரைத்தளத்தில் 2, ஒவ்வொரு மாடிக்கும் 3. இது பாடநூலில் இல்லாத சொல்லாட்சி. ஆனாலும் கைவேலைக்கு மிக வசதியானது. 100, 93, 86 என்று இறங்கும் வரிசைக்கும் இதே கதைதான்: பின்னால் ஒரு படி போனால் 107, ஒவ்வோர் இடத்துக்கும் 7 குறைகிறது, விதி 107 − 7ந. பதினைந்தாவது உறுப்பு 2, பதினாறாவது −5. “முதல் குறை எண் எத்தனையாவது உறுப்பு?” என்று தேர்வில் கேட்பார்களே, அதற்கும் இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

பாடநூல் இதையே வேறு சட்டை போட்டுக் காட்டுகிறது. முதல் உறுப்பு + (ந − 1) × பொது வித்தியாசம். கூட்டுத் தொடர்வரிசை என்று தமிழ்நாட்டுப் புத்தகங்களும், கூட்டல் விருத்தி என்று இலங்கைப் புத்தகங்களும் சொல்வது இந்த வகையைத்தான். பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுப்பது அந்த ‘ந − 1’. ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று கேட்டால், “சூத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்பார்கள். தெருவில் மின்கம்பங்களை எண்ணச் சொல்லுங்கள். ஐம்பது கம்பங்களுக்கு நடுவே நாற்பத்தொன்பது இடைவெளிகள்தான் இருக்கும். முதல் கம்பத்துக்கு நடக்கவே வேண்டாம், அங்கேதான் நிற்கிறோம். ஐம்பதாவது உறுப்பை அடைய 49 தாவல், 5 + 49 × 3 = 152. விடை அதேதான் வருகிறது.

கம்பமா, இடைவெளியா என்ற இந்தக் குழப்பம் வேறொரு வேடத்திலும் வரும். “7-ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை?” முதல் எண் 105, கடைசி எண் 994. வேறுபாடு 889, அதை 7-ஆல் வகுத்தால் 127. விடை 127 என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். 127 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை, எண்கள் 128.

“200 இந்த வரிசையில் வருமா?” என்ற கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. 3ந + 2 = 200 என்று எழுதினால் ந = 66. வருகிறது, அறுபத்தாறாவது இடத்தில். 300-ஐக் கேட்டால் 298-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும், மீதமில்லாமல் போகாது, அப்படியோர் இடமே கிடையாது. அதுபோல, “7-ஆவது உறுப்பு 30, 15-ஆவது உறுப்பு 62” என்று நடுவிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கொடுத்தாலும் இரண்டு சமன்பாடுகளை எழுதிக்கொண்டு மல்லுக்கட்டத் தேவையில்லை. எட்டு தாவலில் 32 ஏறியிருக்கிறது, ஒரு தாவலுக்கு 4. ஏழாம் மாடியிலிருந்து தரைக்கு இறங்கினால் 30 − 28 = 2. விதி 4ந + 2.

இனி உங்கள் 2, 6, 12, 20. இதில் வித்தியாசங்கள் 4, 6, 8. ஒரே எண்ணாக இல்லை, எனவே கூட்டுத் தொடர்வரிசை இல்லை. இங்கே கைவிட்டுவிடாமல், வித்தியாசங்களின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும்: 2, 2. இதுதான் நிலைபெறுகிறது. அதன் பொருளைச் சொல்வதற்கு எனக்குக் கோலத்தைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை, ஏனென்றால் அதில் எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

மார்கழி மாதத்தில் நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்று போடுகிறீர்கள். நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைந்துகொண்டே போகும். மொத்தம் 25 புள்ளி. நடுவில் 1, 3, 5, 7, 9 என்று தொடங்கும் கோலங்களின் மொத்தப் புள்ளிகளை வரிசையாக எழுதினால்:

இட எண்:   1   2   3   4   5
புள்ளிகள்:   1   5   13   25   41
வித்தியாசம்:   4   8   12   16
இரண்டாம் வித்தியாசம்:   4   4   4

இரண்டாம் வித்தியாசம் ஒரே எண்ணாக நின்றுவிட்டால் விதியில் ந² இருக்கிறது என்று பொருள். எத்தனை ந²? அந்த எண்ணில் பாதி. ஏன் பாதி என்று சொல்லிக் கொடுக்காமலே இந்த விதியைத் திணிக்கிற பயிற்சிப் புத்தகங்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, காரணம் ஒரு வரிதான்: வெறும் வர்க்க எண்களான 1, 4, 9, 16, 25-ஐ எடுத்துக்கொண்டால் வித்தியாசங்கள் 3, 5, 7, 9, இரண்டாம் வித்தியாசம் 2. ஒரு ந² தரும் இரண்டாம் வித்தியாசமே 2 என்பதால், 4 வர வேண்டுமானால் இரண்டு ந² வேண்டும்.

ஆக விதி 2ந² என்று தொடங்குகிறது. மீதியைக் கண்டுபிடிக்க, 2ந² தரும் எண்களை வரிசையிலிருந்து கழித்துவிடுங்கள். 2, 8, 18, 32, 50 என்பவை அந்த எண்கள். 1 − 2 = −1, 5 − 8 = −3, 13 − 18 = −5, 25 − 32 = −7, 41 − 50 = −9. கிடைப்பது −1, −3, −5, −7, −9. இது நமக்குப் பழகிய கூட்டுத் தொடர்வரிசை. பூஜ்ஜியமாவது உறுப்பு 1, ஒவ்வோர் இடத்துக்கும் 2 குறைகிறது: 1 − 2ந. எனவே முழு விதி 2ந² − 2ந + 1. ந = 4 போட்டால் 32 − 8 + 1 = 25.

ஆனால் கோலத்தின் அழகு இதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. 2ந² − 2ந + 1 என்பதை ந² + (ந − 1)² என்றும் எழுதலாம். 25 = 16 + 9. தலையைச் சற்றுச் சாய்த்து அந்த 7 புள்ளிக் கோலத்தைப் பாருங்கள். குறுக்குவாட்டில் நான்கு நான்காக நான்கு வரிசைகளும், அவற்றின் இடைவெளிகளில் மூன்று மூன்றாக மூன்று வரிசைகளும் தெரியும். இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. அட்டவணை விதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, படம் அது ஏன் உண்மை என்று சொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உங்கள் 2, 6, 12, 20-க்கு இரண்டாம் வித்தியாசம் 2, எனவே ஒரு ந². 1, 4, 9, 16-ஐக் கழித்தால் மிஞ்சுவது 1, 2, 3, 4, அதாவது ந. விதி ந² + ந. அட்டவணை போடாமலும் இதைப் பிடித்திருக்கலாம்: 2 = 1 × 2, 6 = 2 × 3, 12 = 3 × 4, 20 = 4 × 5. எண்களைப் பெருக்கலாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். சில சமயம் உடனே கதவு திறந்துவிடும், திறக்காவிட்டால் அட்டவணை இருக்கவே இருக்கிறது.

இரண்டாம் வித்தியாசமும் நிலைபெறாமல் மூன்றாவது நிலைபெற்றால் ந³ வரும், அப்போது பாதிக்குப் பதில் ஆறில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்புக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இந்த அட்டவணையை நான் மெச்சிப் பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு வரி நிலைபெற்றுவிட்டால், அதற்குமேல் வரிசையை நீட்டிக்கொண்டே போகக் கூட்டல் மட்டும் போதும். கோல அட்டவணையில் கடைசி வரியில் இன்னொரு 4 எழுதினால் அதற்கு மேலே 20, அதற்கும் மேலே 61. பெருக்கலே இல்லை. 1822-இல் லண்டனில் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் அரசுக்கும் அறிஞர்களுக்கும் முன்வைத்த எந்திரத்தின் கருவே இதுதான். அன்று கணித அட்டவணைகளை மனிதர்கள் கையால் கணக்கிட்டார்கள், பிழைகள் மலிந்திருந்தன. பல் சக்கரங்களுக்குக் கூட்டல் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும், வித்தியாசங்களை வைத்து அட்டவணை முழுவதையும் போட்டுவிடலாம் என்றார் அவர். அவர் காலத்தில் அது முழுமையடையவில்லை. அவருடைய பிற்கால வரைபடத்தை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து முடித்த எந்திரம், ஏழாம் வித்தியாசம் வரை 31 இலக்கங்களில் கணக்கிடுகிறது. உங்கள் மகள் நோட்டில் போடப்போகும் அட்டவணையும் அந்த எந்திரத்தின் வயிற்றுக்குள் நடப்பதும் ஒன்றுதான்.

சில வரிசைகளில் வித்தியாசம் எடுத்துக்கொண்டே போனாலும் ஒருபோதும் நிலைபெறாது. 3, 6, 12, 24, 48-க்கு வித்தியாசம் எடுத்தால் 3, 6, 12, 24 என்று அதே வரிசை திரும்பி வருகிறது. கண்ணாடிக்குள் கண்ணாடி. அப்படி வந்தால் கூட்டலை விட்டுவிட்டு வகுத்துப் பார்க்க வேண்டும்: 6/3, 12/6, 24/12 எல்லாம் 2. இது பெருக்குத் தொடர்வரிசை. முதல் உறுப்பிலிருந்து ந-ஆவது உறுப்புக்குப் போக (ந − 1) முறை இரட்டிக்கிறோம். பத்தாவது உறுப்பு, 3-ஐ ஒன்பது முறை இரட்டிப்பது, 3 × 512 = 1536. மறுபடியும் அதே மின்கம்பக் கணக்கு. கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்துக்குச் சொல்லப்படும் கதையில், சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்தடுத்த கட்டத்துக்கு இரட்டிப்பு என்று அரசனிடம் கேட்கப்படுகிறது. 64-ஆவது கட்டத்துக்கு 63 இரட்டிப்புகள். மொத்தம் 18,446,744,073,709,551,615 மணிகள். 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கு உரியதைவிட இது ஒன்றே ஒன்று குறைவு. ஏன் என்பதை 1 + 2 + 4 = 7, 1 + 2 + 4 + 8 = 15 என்று சின்ன எண்களிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

1, 2, 3, 5, 8, 13 என்ற வரிசையும் இப்படித்தான் ஏமாற்றும், ஆனால் வேறு மாதிரி. வித்தியாசம் 1, 1, 2, 3, 5. வரிசை தன்னைத்தானே இரண்டு இடம் தள்ளி நின்று பார்க்கிறது. வகுத்தாலும் ஒரே விகிதம் வராது. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது என்பதே இதன் விதி. ஐரோப்பாவில் 1202-இல் எழுதிய ஃபிபோனாச்சியின் பெயரை உலகம் இதற்கு வைத்துவிட்டது. ஆனால் அவருக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் யாப்பிலக்கணம் எழுதும்போது இதைச் சொல்லியிருக்கிறார். தமிழ் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. நான்கு மாத்திரையைக் குறில் நெடில்களால் எத்தனை விதமாக நிரப்பலாம்? கடைசியில் குறில் நின்றால் அதற்கு முன் மூன்று மாத்திரை இருக்கும், நெடில் நின்றால் இரண்டு மாத்திரை இருக்கும். மூன்று மாத்திரைக்கு 3 வழி, இரண்டு மாத்திரைக்கு 2 வழி, ஆக 5. விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதால் இங்கே ஊகமே தேவைப்படவில்லை.

பின்னங்களும் குறிகளும் வந்தால் பயப்படும் பிள்ளைகள் உண்டு. தொகுதியைத் தனி வரிசையாகவும் பகுதியைத் தனி வரிசையாகவும் பார்த்தால் போதும். ஆனால் ஒரு தந்திரம் கவனிக்க வேண்டும். 1/3, 1/2, 5/11, 7/18 என்று கொடுத்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. நடுவில் உள்ள 1/2 சுருக்கப்பட்ட பின்னம். அதை 3/6 என்று விரித்தால் மேலே 1, 3, 5, 7, கீழே 3, 6, 11, 18. மேலே 2ந − 1, கீழே ந² + 2. குறி மாறி மாறி வந்தால் குறியை மறைத்துவிட்டு எண்களுக்கு விதி கண்டுபிடித்து, பிறகு −1-இன் அடுக்கைக் கொண்டு பெருக்கிக்கொள்ளலாம்.

கூடுதல், அதாவது உறுப்புகளைக் கூட்டி வரும் தொகை பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஓர் இடத்தில் பிள்ளைகள் வழக்கமாக வழுக்குகிறார்கள். “முதல் ந உறுப்புகளின் கூடுதல் 2ந² + 3ந, பொது உறுப்பு என்ன?” என்ற கேள்வியில் பலர் 2ந² + 3ந-ஐயே உறுப்பு என்று எண்ணி அதில் 1, 2 என்று போடுகிறார்கள். கூடுதல்கள் 5, 14, 27. இது உண்டியலில் சேர்ந்திருக்கும் பணம். நான்காம் நாள் எவ்வளவு போட்டோம் என்று தெரிய, நான்காம் நாள் இருப்பிலிருந்து மூன்றாம் நாள் இருப்பைக் கழிக்க வேண்டும். எனவே உறுப்புகள் 5, 9, 13; விதி 4ந + 1. கூட்டுத் தொடர்வரிசையின் கூடுதலைக் காண முதலையும் கடைசியையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கும் வழியை ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே சூத்திரமாகச் சொல்லிவிட்டார். பின்னாளில் பெரும் கணித மேதையான காஸ், சிறுவனாக இருந்தபோது வகுப்பில் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதையை ஆசிரியர்கள் எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆரியபட்டரையும் கூடவே சொல்லலாம்.

இப்போது நான் பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம். 1, 2, 4 என்று கொடுத்துவிட்டு அடுத்த எண் என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 8 என்றால் இரட்டிப்பு. ஆனால் ஒரு தோசையை நேர்கோட்டில் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாவிட்டால் 1 துண்டு, ஒரு வெட்டுக்கு 2, இரண்டு வெட்டுக்கு 4, மூன்று வெட்டுக்கு அதிகபட்சம் 7, நான்கு வெட்டுக்கு 11. ஆக, 1, 2, 4-க்கு அடுத்தது 7 என்பதும் சரியான விடைதான். இன்னும் பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணையுங்கள், எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி. வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 என்று யாரும் பந்தயம் கட்டுவார்கள். எண்ணிப் பார்த்தால் 31. ஏழு புள்ளிக்கு 57.

வித்தியாச அட்டவணை இங்கே என்ன சொல்கிறது?

1   2   4   8   16   31   57
1   2   4   8   15   26
1   2   4   7   11
1   2   3   4
1   1   1

நான்காம் வித்தியாசம் நிலைபெறுகிறது. ஆனால் முதல் ஐந்து எண்கள் மட்டும் கையில் இருந்தால் கடைசி வரியில் ஒரே ஒரு 1 மட்டும் இருக்கும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு “நிலைபெற்றுவிட்டது” என்று சொல்ல முடியாது. அதனால்தான் என் மாணவர்களிடம், கடைசி வரியில் குறைந்தது மூன்று சம எண்களாவது வந்தால்தான் விதியை நம்புங்கள் என்பேன். அப்போதும் அது நல்ல ஊகம், அவ்வளவுதான். (மூன்றாவது வரியில் தோசைத் துண்டுகள் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது தற்செயல் அல்ல. ஆனால் அது வேறொரு நாள் கதை.)

வேண்டுமென்றே ஏமாற்றவும் முடியும். ந + (ந − 1)(ந − 2)(ந − 3)(ந − 4) என்ற விதியில் முதல் நான்கு இடங்களில் அடைப்புக்குறிகளில் ஒன்று பூஜ்ஜியமாகிவிடுவதால் 1, 2, 3, 4 வரும். ஐந்தாவது இடத்தில் 5 + 24 = 29. ஆகவே 1, 2, 3, 4-க்கு அடுத்து 29 என்று எழுதும் குழந்தையைக் கணிதம் தவறென்று சொல்லாது. தேர்வுத்தாள் சொல்லும், அதனால் தேர்வில் எளிய விதியையே எழுதச் சொல்லுங்கள். ஆனால் கேள்வி படத்திலிருந்தோ, தீக்குச்சியிலிருந்தோ, நாற்காலி வரிசையிலிருந்தோ பிறந்திருந்தால் எண்களை மட்டும் முறைத்துப் பார்க்காமல், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது புதிதாக என்ன சேர்கிறது என்று கேட்கப் பழக்குங்கள். ஊகம் நிரூபணமாவது அங்கேதான்.

அதற்கு ஒரு கணக்கு கொடுத்து முடிக்கிறேன். உங்கள் மகளோடு வாசலில் உட்கார்ந்து செய்து பாருங்கள். இடைப்புள்ளிக் கோலத்தில் 13 புள்ளியில் தொடங்கி 7-இல் நிறுத்துவது என்று ஒரு கணக்கு உண்டு. நடுவில் 13, இரு பக்கமும் 12, 11 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 7 வரை போகும். மொத்தம் 127 புள்ளி. இதன் தங்கைகள் 11-6, 9-5, 7-4, 5-3, 3-2 என்று இறங்கி, கடைசியில் ஒரே புள்ளி. சின்னதிலிருந்து எழுதினால் எண்ணிக்கைகள் 1, 7, 19, 37, 61. வித்தியாசம் 6, 12, 18, 24. இரண்டாம் வித்தியாசம் 6. எனவே 3ந², மீதியைக் கழித்துப் பார்த்தால் −2, −5, −8, அதாவது 1 − 3ந. விதி 3ந² − 3ந + 1. ந = 7 போட்டால் 147 − 21 + 1 = 127. காரணமும் கோலத்திலேயே இருக்கிறது: நடுப் புள்ளியைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதையும் சுற்றிப் பதினெட்டு என்று அறுகோண வளையங்களாக அது வளர்கிறது.

அவள் இதுவரை வந்துவிட்டால், 1, 7, 19, 37-ஐ முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். 1, 8, 27, 64 என்று கன எண்கள் வரிசையாக வரும். ஏன் என்று கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ந³-லிருந்து (ந − 1)³-ஐக் கழித்து விரித்து எழுதச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.